ஷிஃப்ட் முடிந்ததும்

2025

ஜூலை 8, செவ்வாய்

காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

ரவிச்சந்திரன் சார் கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். இருபத்து மூன்றாம் தேதி தொடங்கி எழுபத்திரண்டு மணி நேரம் பிளாண்ட்டை நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். மூன்றாம் நாள், திட்டத்துக்குப் பணம் தரும் ஆட்கள் டெல்லியிலிருந்து பார்க்க வருகிறார்களாம். இதுவரை ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியதே இல்லையே சார் என்றேன். "அதனாலதான் ஜெஸிந்தா" என்றார். எதைச் சொன்னாலும் அவருக்கு அதனாலதான்.

வீட்டுக்கு வந்தால் அப்பா. அங்கே என்னதான் செய்கிறாய் என்று மூன்று வருடமாகக் கேட்கிறார். வெலிங்டன் ராணுவ முகாமில் முப்பத்தைந்து வருடம் சிவிலியன் கிளார்க்காக இருந்தவர். ஒரு ஃபைலுக்குள் அடங்காததை அவர் வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை. இன்றைக்கு இருந்த எரிச்சலில் முழுசாகச் சொன்னேன். கவாத்து வெட்டிய டீக்குச்சிகளைப் போதிய காற்று கொடுக்காமல் எரித்தால் ஒரு வாயு வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்ஸைடு, மணமே இல்லாத விஷம். அதோடு நீராவியைக் கலந்து, முந்நூற்றைம்பது டிகிரிச் சூட்டில், இரும்பு வில்லைகள் நிரப்பிய உருளைக்குள் அனுப்பினால், மோனாக்ஸைடு நீராவியிடமிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் நிற்பது ஹைட்ரஜன். எங்களுக்கு வேண்டியது அதுதான். இதற்குப் பெயர் வாட்டர் கேஸ் ஷிஃப்ட்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நைட் ஷிஃப்ட்டும் உண்டா?" என்றார். சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சிரித்தேன்.

ஜூலை 19, சனி

ஆட்களைப் பிரித்தாயிற்று. காலை ஆறிலிருந்து இரண்டு வரை லிங்கசாமி அண்ணன். இரண்டிலிருந்து பத்து வரை விமல். பத்திலிருந்து ஆறு வரை நான்.

விமல் கூடலூர்ப் பையன், டிப்ளமோ படித்தவன், காதில் எதையாவது மாட்டிக்கொண்டே இருப்பான். லிங்கசாமி அண்ணன் இந்தக் கட்டடத்தோடு வந்தவர். இது டீ ஃபேக்டரியாக ஓடிய காலத்தில் பதினெட்டு வருடம் பாய்லர் பார்த்தார். ஃபேக்டரி மூடி, அதன் ஒரு மூலையை எங்கள் கம்பெனி வாடகைக்கு எடுத்தபோது, பாய்லரோடு அவரையும் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் தொழிலாளர்களுக்கான லைன் வீடு அவருக்கு இன்னும் இருக்கிறது. இலங்கையிலிருந்து நாலு வயதில் கப்பலில் வந்தவர். ஐம்பது தாண்டியாயிற்று. நீராவிக் குழாயில் காது வைத்து அளவைச் சொல்வார், மீட்டரில் பார்த்தால் சரியாக இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அந்த இரும்பு வில்லை உருளையை அவரும் விமலும் டவர் என்பார்கள். நானும் சாரும்தான் ஷிஃப்ட் என்போம். ஷிஃப்ட் சூடாயிற்றா, ஷிஃப்ட்டைத் திறக்கலாமா. இது போனில் நாங்கள் இருவரும் பேசிப் பேசி வந்த பழக்கம்.

ஜூலை 23, புதன்

ஓடுகிறது. ஓடுகிறது!

காலை ஆறே காலுக்கு வாயுவை விட்டோம். பத்து மணிக்குள் உருளை நிலைப்பட்டுவிட்டது. உள்ளே போகும்போது மோனாக்ஸைடு இருபத்தொரு சதவீதம், வெளியே வரும்போது மூன்றுக்கும் கீழே. பகல் முழுக்க நான் நகரவில்லை. இரண்டு மணிக்கு ஆள் மாறியபோது நானே வால்வு பக்கத்தில் நின்றேன். லிங்கசாமி அண்ணன் வீட்டுக்குப் போகாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்று டவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணியிலருந்து எரியறது வருதுன்னா நம்பவா முடியுதுங்க மேடம்" என்றார்.

இனி நைட் ட்யூட்டியும் எனக்குத்தான். போகட்டும். இந்த ஒரு நாளுக்காகத்தான் மூன்று வருடம்.

ஜூலை 24, வியாழன்

எழுத முடியவில்லை. இரும்பு போய்விட்டது. எல்லாம் போய்விட்டது.

ஜூலை 25, வெள்ளி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

புதன் காலை எழுந்தவள் வியாழன் காலை வரை கண் மூடவில்லை. விடிகாலை ஐந்து மணி வாக்கில் சாரிடமிருந்து மெஸேஜ்: டெல்லிக்காரர்கள் கேட்பார்கள், ஆபரேட்டருக்கான குறிப்புகளைத் தமிழில் எழுதி ஒட்டவும். ஒரு வெள்ளைத் தாளில் எட்டு வரி எழுதினேன். நல்ல கையெழுத்தில், பச்சை ஸ்கெட்ச் பேனாவில். பாய்லர் கொட்டகையில் நீராவி வால்வுக்கு மேலே ஒட்டினேன். ஆறு மணிக்கு லிங்கசாமி அண்ணன் வந்தார். எல்லாம் எழுதியிருக்கேன் அண்ணா, பார்த்துக்குங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்பாவுக்குப் பகல் ஒரு மணிக்குக் குன்னூரில் கண் பரிசோதனை.

ஆஸ்பத்திரியில் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது மணி மூன்று, விமலிடமிருந்து பதினோரு அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். டவர் சூடு ஏறிக்கொண்டே போகுது மேடம், அலாரம் அடிக்குது. எவ்வளவுடா? ஐந்நூற்று எண்பது. வாயுவை அடைடா, முதலில் வாயுவை அடை என்று கத்தினேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் டவர் பக்கம். நான் நேராகப் பாய்லர் கொட்டகைக்குப் போனேன். நீராவி வால்வு இறுக மூடியிருந்தது. ஒரு மணி நேரமாக நீராவியே இல்லாமல் வாயு மட்டும் உருளைக்குள் போயிருக்கிறது. எந்த மடையன் மூடியது என்று நினைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினேன்.

மேலே என் தாள். ஆறாவது வரி.

"ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்டீம் வால்வை மூடவும்."

நான் நினைத்தது உருளையை. கடைசி நாளில், வாயுவை நிறுத்தி, ஷிஃப்ட்டின் வேலை முழுசாக முடிந்த பிறகு நீராவியை மூட வேண்டும் என்பதை. பதினெட்டு வருடம் டீ ஃபேக்டரியில் இருந்த மனிதருக்கு ஷிஃப்ட் என்றால் என்ன? இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது. அந்தக் காலத்தில் பாய்லரைக் கை மாற்றும்போது ஸ்டீமை மூடித்தான் கொடுப்பார்களாம், வருகிற ஆள் தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டுத் திறப்பானாம். அவரே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும்! அப்பா கேட்டது ஞாபகம் இருக்கிறது. சிரித்தேனே.

இதை எழுதாமல் விட்டால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்? எழுதித்தான் ஆக வேண்டும்.

தாளைக் கிழித்து மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். யோசிக்கவேயில்லை. கை தானாகப் போயிற்று. இப்போது இந்த நோட்டின் பின்னட்டை உறைக்குள் இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

விசாரணை. சார் வந்தார், கூட ஆலோசகர் என்று ஒருவர். முன்பு கொழுந்து உலர்த்திய வாடல் மாடியில் நாலு நாற்காலி போட்டார்கள்.

விமல் உள்ளதைச் சொன்னான். ஸ்டீமை மூடியிருக்கேன், பாத்துக்கன்னு அண்ணன் சொல்லிட்டுத்தான் போனாரு, மேடம் சொல்லித்தான் மூடியிருப்பாருன்னு நெனச்சேன்.

லிங்கசாமி அண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஆலோசகர் அவரை உட்காரச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் குடித்திருந்தாயா என்று கேட்டார். பன்னிரண்டு வருடமாகத் தொடுவதில்லை என்றார் அண்ணன். பிறகு சொன்னார்:

"பேப்பர்ல எழுதி ஒட்டியிருந்துச்சுங்க சார். பச்சை மையில. ஷிஃப்ட் முடிஞ்சா ஸ்டீமை மூடுன்னு. அதைத்தானுங்க செஞ்சேன்."

எல்லோரும் பாய்லர் கொட்டகைக்குப் போனோம். சுவரில் ஒன்றுமில்லை. ஒரு மூலையில் டேப் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் நகம் அளவு. சார் அதைப் பார்த்தார். பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் உள்ளங்கையை வைத்துச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானுங்களே மேடம் ஒட்டினீங்க?"

"வாயாலதான் சொன்னேன் அண்ணா. நீங்க மறந்துட்டீங்க போல."

இதைச் சொன்னது நான்தான். என் குரலில், மரியாதையாக, அண்ணா என்றும் சேர்த்து.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அவரை நீக்கிவிட்டார்கள். வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எனக்குச் சாரிடமிருந்து ஆறுதல் மெஸேஜ் வந்தது, கை கூப்பும் பொம்மையோடு.

ஆகஸ்ட் 6, புதன்

உருளையைத் திறந்தோம். வில்லைகளாகப் போட்டது கறுப்புத் தூளாக வந்தது. நானும் விமலும் முறம் மாதிரி ஒரு தகட்டில் வாரி வாரிச் சல்லடையில் போட்டோம். முழு வில்லை இருநூறுகூடத் தேறவில்லை.

இரும்பு எப்படிச் சாகிறது என்று விமல் கேட்டான். நீராவி இருக்கிறவரை மோனாக்ஸைடு அதனிடமிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். நீராவி நின்றுபோனால், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடமிருந்து எடுக்கும். இரும்பு ஆக்ஸைடிலிருந்தே பிடுங்கும். பிடுங்கப் பிடுங்க வில்லை உதிர்ந்துபோகும். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். "அப்புறம் மேடம்?" என்றான். அப்புறம் ஒன்றுமில்லை என்றேன்.

புதிய இரும்பு வினையூக்கி வர மூன்று மாதம் ஆகும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். லட்டு கொடுத்தார்கள். தின்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

லிங்கசாமி அண்ணன் வீடு காலி செய்தார். விமல் லீவு போட்டுச் சாமான் ஏற்றப் போனான். நீங்க வரலீங்களா மேடம் என்று கேட்டான். சாம்பிள் எடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். என்ன சாம்பிள்? ஒரு மாதமாக பிளாண்ட் ஓடவேயில்லை. அவனும் தலையாட்டிவிட்டுப் போனான்.

லேப் ஜன்னலிலிருந்து லைன் வீடுகள் தெரியும். ஜன்னலைச் சாத்திவிட்டு, கழுவிய பீக்கர்களையே திரும்பக் கழுவினேன். மழையும் இல்லை. மழையாவது பெய்திருக்கலாம். வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அவருடைய மனைவி ஆண்டாயி பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். கோத்தகிரி ரோட்டில் ஒற்றை அறை பார்த்திருக்கிறார்களாம். அண்ணன் கேரட் கழுவப் போகிறாராம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எனக்கு முன்னே ஏழு பேர். வரிசையில் நின்றபடி வாக்கியத்தை மனதுக்குள் சரிசெய்துகொண்டே இருந்தேன். முட்டி போட்டதும், அப்பாவிடம் கோபமாகப் பேசினேன் சாமி, இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை சாமி என்றேன். வேறே? வேறே இல்லை சாமி. மூன்று அருள் நிறை மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன், மூன்றையும் சரியாக எண்ணி.

பூசையில் நற்கருணை வாங்கவில்லை. அந்த அளவுக்கு இன்னும் வெட்கம் மிச்சம் இருக்கிறது போல.

செப்டம்பர் 22, திங்கள்

என்னையே கேட்டுக்கொள்கிறேன். இப்போது சொன்னால் யாருக்கு லாபம்? வீடு போனது போனதுதான். இரும்பு திரும்ப வராது. என் வேலை மட்டும்தான் கூடப் போகும். அப்பாவின் கண் ஆபரேஷன் வேறு இருக்கிறது.

நல்ல நல்ல காரணங்கள். எல்லாமே சரியாக இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஆண்டாயியைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகத்தான் பார்த்தேன், அதற்குள் அவளே வந்துவிட்டாள். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு முன்ன மாதிரி இல்லீங்க மேடம். கதவைப் பூட்டிட்டு வந்து, பூட்டினனான்னு என்னையக் கேக்கறாரு. பூட்டினீங்கன்னு சொன்னாலும் திரும்ப நடந்துபோய்ப் பாக்கறாரு. கேரட்டு மூட்டையை எண்ணச் சொன்னா, எண்ணிட்டு, வேற யாராச்சும் ஒருக்கா எண்ணுங்கன்னு நிக்கறாரு. டாக்டர்கிட்ட காட்டினமுங்க. மாத்திரை குடுத்திருக்காரு."

எதற்கு மாத்திரை என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்லாத பேப்பரை இருந்துச்சுன்னு சொன்னாரில்லீங்க. மேடம் பொய் சொல்ல மாட்டாங்க, அப்ப எனக்குத்தான் மூளை கலங்கிருச்சுன்னு அவரே சொல்லிட்டாரு. நானுமுங்க... நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு நாளு திட்டிக்கூடப் போட்டேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். என் கையில் ஒரு பை கொய்யா இருந்தது, அவள் கொடுத்தது. எப்போது கொடுத்தாள்?

நான் எடுத்தது ஒரு வேலையை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடப்பாவி. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு இருந்த தைரியத்தையே பிடுங்கி வைத்திருக்கிறேன், என் நோட்டின் பின்னட்டையில்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காட்டேரி ஊர்ப் பக்கம் மண் சரிந்து பஸ் இல்லை. நாள் முழுக்க மழை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நனைந்த பட்டாசை அடுப்பருகில் காயவைத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தன. நான் லேப்டாப்பைத் திறந்து சாருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். எட்டுத் தடவை அழித்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அனுப்பிவிட்டேன். தாளின் போட்டோவையும் சேர்த்து. தவறு என்னுடைய வாசகத்தில் இருந்தது, தாளை மறைத்ததும் நான், லிங்கசாமியைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும், என் மேல் நடவடிக்கை எடுக்கலாம். நாலே வரி. மூன்று மாதம் ஆயிற்று நாலு வரிக்கு.

 பசித்தது. ஜூலைக்குப் பிறகு இன்றுதான் தட்டு காலியானதும் மறுபடியும் சோறு போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 25, சனி

சார் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப அன்பாகப் பேசினார்.

"இதை இப்ப ஏன் ஜெஸிந்தா? ஆபரேட்டர் தவறுன்னு ரிப்போர்ட் போய், டெல்லிக்காரங்களும் ஒத்துக்கிட்டு, புது கேட்டலிஸ்ட்டுக்கு அனுமதியும் வந்தாச்சு. இப்ப போய் எழுத்துல இருந்த தவறுன்னா பிளாண்ட்டையே இழுத்து மூடிடுவாங்க. விமலுக்கும் வேலை போகும். அந்த மெயிலை நான் பார்க்கலை. நீங்களும் அழிச்சிடுங்க."

அந்த டேப் துணுக்கைப் பார்த்தீர்களே சார் என்று கேட்டேன்.  உடம்பைப் பார்த்துக்கோம்மா, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ என்றார்.

அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியாயிற்று, அது எங்கேயும் போய் விழவில்லை. மலையிலிருந்து கல்லை உருட்டிவிட்டால்கூட கீழே ஒரு சத்தம் கேட்கும்.

அழிக்கவில்லை. வேறு எதுவும் செய்யவும் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல நினைக்கவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணை மூடியபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு நன்றி. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், கிளார்க் கேள்வி:

"மேலே அனுப்பினே, சரி. நகல் யாருக்குப் போட்டே?"

புரியவில்லை.

"சம்பந்தப்பட்ட ஆளுக்கு நகல் போகாத லெட்டர் லெட்டரே இல்லை ஜெஸி. அது ஃபைலுக்குள்ளயே செத்துப்போகும். எத்தனை பார்த்திருக்கேன்."

 பதினைந்து நாளாக நான் சாருடைய பதிலைப் பற்றியே அழுதுகொண்டிருக்கிறேன். லிங்கசாமி அண்ணன் கோத்தகிரி ரோட்டில், பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருக்கிறார். அங்கே போகலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேனோ?

நவம்பர் 9, ஞாயிறு

போனேன்.

கேரட் கழுவும் இடம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. பெரிய இரும்பு உருளை சுற்றிக்கொண்டே இருக்கிறது, உள்ளே தண்ணீர் பீய்ச்சுகிறது, மண்ணோடு போகிற கேரட் சிவப்பாக வெளியே வருகிறது. பத்துப் பேர் முழங்கால் பூட்ஸ் போட்டு நிற்கிறார்கள். அண்ணன் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் குளிரில் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்து நின்றார், எனக்கு!

வாங்க மேடம் என்றார். ஆண்டாயியும் இன்றைக்கு வேலையில்லாமல் கூட வந்திருந்தாள்.  நோட்டிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன்.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் வரியிலிருந்து படித்தார். உதடு அசைய, அவசரமே இல்லாமல். ஆறாவது வரிக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்தார். பிறகு நிமிரவேயில்லை. 

"இருந்துச்சு" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. ஆண்டாயியிடமும் இல்லை. தாளிடம்தான் சொன்னார். அப்புறம்தான் ஆண்டாயியிடம் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பச்சை மையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

நான் அன்றைக்கே கிழித்தேன் அண்ணா, நான்தான் பொய் சொன்னேன், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் ஞாபகம் சரியாகத்தான் இருந்தது என்றேன். இன்னும் என்னென்னவோ உளறினேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதுல ஷிஃப்ட்டுன்னா ட்யூட்டி இல்லீங்களா?"

"இல்லண்ணா. டவரு. அந்த டவருக்கு நாங்க ஷிஃப்ட்டுன்னு சொல்லுவோம்."

"டவருக்கா?" யோசித்தார். "மூணு வருசமா அது பக்கத்துலயே நிக்கறேன். அதும் பேரை எனக்கு ஒருத்தரும் சொல்லலீங்களே மேடம்."

  கேரட் வந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி கூப்பிட்டார், அண்ணன் மூட்டைக்குப் போனார். தாளை என்னிடம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நடந்தே பாதி தூரம் வந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

விமல் சொன்னான். அண்ணன் அந்தப் பேப்பரைக் கோத்தகிரியில் லேமினேட் செய்துகொண்டாராம். யாரோ சங்கத்து ஆளைப் பார்த்துவிட்டு, தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறாராம். "உங்க பேரும் இருக்குங்க மேடம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். இருக்கத்தானே வேண்டும்.

டிசம்பர் 3, புதன்

புதிய வினையூக்கி வந்து இறங்கியது. எட்டு டிரம். ரசீதில் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான், படித்தவன், எல்லாவற்றையும் போட்டோ எடுக்கிறான். அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். இந்த உருளையை நீ என்ன பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறாயோ, அதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடு. சரிங்க மேடம் என்றான். எதற்கு என்று கேட்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நம்பிக்கைத் துரோகம், ஆவணத்தை மறைத்தது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் அக்டோபரில் நான் சொன்னபோது குற்றமாக இல்லாதது, மனுவின் நகல் கம்பெனிக்குப் போனதும் குற்றமாகியிருக்கிறது.

மூன்று வருடத்து நோட்டுகளை லேப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

அப்பா மட்டும் கோயிலுக்குப் போய்வந்தார். கேக் நன்றாக இல்லை.

2026

ஜனவரி 4, ஞாயிறு

விமல் போன் செய்தான். பிளாண்ட் நாற்பது மணி நேரமாக ஓடுகிறதாம். மோனாக்ஸைடு இரண்டரை சதவீதம். நீங்க போட்டுக் கொடுத்த அளவுதான் மேடம் என்றான். சந்தோஷம் என்றேன். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தேன்.

ஜனவரி 22, வியாழன்

தொழிலாளர் அலுவலகம். பதினொரு மணிக்கு என்று போட்டிருந்தார்கள், ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அண்ணனும் ஆண்டாயியும் ஒரு பெஞ்சில். நான் எதிர்ப் பெஞ்சில். கம்பெனியிலிருந்து வக்கீல் மட்டும் வந்திருந்தார். ஆண்டாயி என் பக்கம் திரும்பவேயில்லை. கொய்யா கொடுத்தவள்.

அதிகாரி ஒரு பெண்மணி, சளி பிடித்திருந்தது. முதலில் அண்ணனை விசாரித்தார். வக்கீல் எழுந்து, சம்பவம் நடந்து நாலு மாதம் கழித்துக் காட்டப்படும் காகிதம் இது, பிறகு யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், மனுதாரர் மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர், அன்றைக்கு எதைப் பார்த்தார் என்பதே அவருக்கு நிச்சயமில்லை என்றார்.  அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார், அன்றைக்குச் சுவர் அருகில் பார்த்தது மாதிரி, நான் உடனே தலையசைக்க வேண்டும் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி கேட்டார். அன்றைக்கு அது அங்கே இருந்தது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

"தெரியுமுங்க. நான் படிச்சேன்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. குரலில் சந்தேகமே இல்லை. போய் உட்கார்ந்தார், ஆண்டாயி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

பிறகு சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பேனாவைத் திறந்து பெயர் கேட்டார். ஜெஸிந்தா, தகப்பனார் பெயர் அம்புரோஸ் என்றேன். தொழில் என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.